அப்பாரு தோப்பு குரூப்: பூச்சி மேடம் போறாங்களாமா?

செவ்வாய், காலை 6:12

சித்தப்பா: பூச்சி மேடத்த மாத்திட்டாங்களாமா? கொப்பரைக் களத்துல பேசிக்கறாங்க

சித்தப்பா: கவி பாத்தா சொல்லு

சரசு அத்தை: இனிய காலை வணக்கம் 🌺

சரசு அத்தை: யாரு சொன்னா? ரிட்டயர் ஆகறாங்கன்னுல்ல நான் கேள்விப்பட்டேன்

சித்தி: ரிட்டயர் ஆகற வயசா அது. அவங்க பொண்ணே இன்னும் ஒம்பதாவது

சித்தப்பா: மருந்துக் கம்பெனிக்குப் போறாங்கன்னு ஒருத்தன் சொல்றான்

அப்பா: ம்

தினேஷ் அண்ணன்: யாரு பூச்சி மேடம்?

சரசு அத்தை: ஊருக்கு வந்தாத்தான தெரியும் சாமி

நீங்கள்: நம்ம கவி வேலை பாக்கற கேவிகேல பயிர்ப் பாதுகாப்பு பாக்கறவங்கண்ணா. வெள்ளை ஈ வந்தப்ப மஞ்சள் ஷீட்ல விளக்கெண்ணெ தடவி மரத்துக்கு மரம் கட்டச் சொன்னாங்களே, அவங்கதான். பேரு சொன்னா இங்க யாருக்கும் தெரியாது

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். விவரம் தெரியாமல் வதந்தி பரப்ப வேண்டாம். முதலில் கேவிகே என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பலரும் அதை வேளாண்மைத் துறை ஆபீஸ் என்று நினைத்து மானியம் கேட்டுப் போய் நிற்கிறார்கள். நான் வேலை பார்த்தது மாநில அரசின் துறை. மானியம், விதை, இடுபொருள் எல்லாம் அங்கே. கேவிகே என்பது வேளாண் அறிவியல் நிலையம். பணம் கொடுப்பது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். நடத்துவது சில இடங்களில் பல்கலைக்கழகம், சில இடங்களில் தொண்டு நிறுவனம். 1973இல் மோகன் சிங் மேத்தா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1974இல் நாட்டிலேயே முதல் கேவிகே புதுச்சேரியில் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிடைத்தது. (தொடரும்)

சித்தப்பா: பெரியண்ணா, மேடம் போறாங்களா இல்லியா

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன். ஒரு கேவிகேக்கு 16 பணியிடம். தலைவர் ஒருவர். தொழில்நுட்ப வல்லுநர் 6 பேர். மற்றவர்கள் பண்ணை மேலாளர், ஆய்வகம், கணினி, அலுவலகம், ஓட்டுநர் 2, உதவியாளர் 2. கணக்குப் பார்த்தால் பூச்சிக்கும் நோய்க்கும் சேர்த்தே ஒரு ஆள்தான். அவர் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் சேர்த்துப் பார்க்க வேண்டும். புது ஆள் வருவது அவரவர் அதிர்ஷ்டம். எங்கள் காலத்தில் பயிற்சி - பார்வைத் திட்டம் இருந்தது. உலக வங்கி கொண்டுவந்தது. எந்தக் கிழமை எந்த ஊர் என்று அட்டவணை போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் வரப்பில் நின்றாக வேண்டும். மழையோ வெயிலோ

சரசு அத்தை: அப்ப நீங்க எங்க தோப்புக்கு மட்டும் வரவே இல்லியேண்ணா

பெரியப்பா: அது வேறு வட்டாரம் சரசு

காலை 8:47

கவி: இப்பத்தான் பாத்தேன். உண்மைதான் சின்ன மாமா. ஆர்டர் வந்துருச்சு, கிள்ளிகுளம். ரிட்டயரும் இல்ல கம்பெனியும் இல்ல. என்னைக்கு ரிலீவ்னு இன்னும் தெரியல. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு எங்க பயிற்சி ஹால்ல சின்னதா வழியனுப்பு வெச்சிருக்கோம்

கவி: வெளிய யாருக்கும் அனுப்பாதீங்க

சித்தி: அய்யோ எங்கம்மா வீட்டு குரூப்புல போட்டாச்சே

தினேஷ் அண்ணன்: கிள்ளிகுளம் எங்க இருக்கு

பெரியப்பா: தூத்துக்குடி மாவட்டம், வல்லநாடு. பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி அங்கே இருக்கிறது. அங்கே போனால் பாடம் எடுப்பார். மாணவர்களுக்கு நல்லது.

சித்தப்பா: நமக்கு?

சித்தப்பா: வரப்போர மரத்துக்கு என்ன வழி?

அப்பா: என்ன வரப்போர மரம்

சித்தப்பா: மேடம் வெள்ளை பெயிண்ட் வெச்சுட்டுப் போன மூணு மரம்

அப்பா: அது மூணும் எம்பக்கம்

சித்தப்பா: மட்டை எல்லாம் எந்தப் பக்கம் விழுகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்

சரசு அத்தை: காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்

தினேஷ் அண்ணன்: என்ன பெயிண்ட்? எனக்கு யாராச்சும் சொல்லுங்கப்பா

நீங்கள்: வேர் வாடல்ண்ணா. ஓலை விலா எலும்பாட்டம் உள்ள வளைஞ்சு தொங்குது. வருசத்துக்கு பத்து காய்க்குக் கீழ காய்க்கற மரத்த எடுத்துருங்க, அதுக்கு மேல காய்ச்சா உரம் வெச்சுப் பராமரிங்கன்னு மேடம் சொன்னாங்க. இந்த மூணும் ரெண்டுங்கெட்டான். வெட்டு வெட்டுக்கு எண்ணி எழுதி வைங்க, வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்னு அடையாளம் வெச்சுட்டுப் போனாங்க

அப்பா: போன வெட்டுலயே பன்னண்டு காய்

சித்தி: யாருங்க எண்ணுனது?

அப்பா: நான்தான்

சித்தப்பா: 😀

அப்பா: என்ன சிரிப்பு

சித்தப்பா: ஒண்ணுமில்ல. அது நின்னா எம்மரத்துக்கும் பரவும். அவ்வளவுதான் நான் சொல்றது

பெரியப்பா: வேர் வாடலுக்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்பும். கேரளாவில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. குணமாக்கும் மருந்து கிடையாது. மரத்தைத் தெம்பாக வைத்திருப்பதுதான் வழி. தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. வருடத்துக்கு ஒரு மரத்துக்கு. இரண்டாகப் பிரித்து ஆனி ஆடியிலும் மார்கழி தையிலும்.

சித்தப்பா: மருந்து இருக்குதுன்னு ஒருத்தரு தோப்புக்கே வந்து வித்துட்டுப் போனாரே

சித்தி: அந்தப் பேச்ச எடுக்காதீங்க. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கிருக்கலாம்

சித்தி: காலி கேன் மட்டும் மிச்சம். கோழிக்குத் தண்ணி வெச்சிருக்கேன்

கவி: அத்தை!!! மருந்து வந்த கேன்ல எதுக்கும் தண்ணி வெக்கக்கூடாது. இப்பவே எடுங்க

சித்தி: மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனேன் கண்ணு

கவி: கழுவுனாலும் கூடாது அத்தை. ஓட்டை போட்டு ஒதுக்கி வைங்க

சரசு அத்தை: அதான் நோம்பிக்குக் குடுத்த சேவல் அப்படி இருந்துச்சா

சித்தி: அது கேன் வாங்கறதுக்கு முன்னாடி

தினேஷ் அண்ணன்: நான் ஒண்ணு கேக்கட்டா? ஒரே ஒரு மேடத்த நம்பி எல்லாரும் ஏன் இருக்கீங்க. போட்டோ எடுத்து ஆப்ல போட்டா என்ன நோய்னு அதுவே சொல்லிரும்

அப்பா: எந்த ஆப்பு

சரசு அத்தை: இவன் வெச்சதுதான்

கவி: அண்ணன் சொல்றதுலயும் பாதி சரி. மேடம் போனாலும் கேக்கறதுக்கு வழி இருக்கு, சேமிச்சு வெச்சுக்கங்க. கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசு கிடையாது, காலைல ஆறுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் தமிழ்லயே பேசலாம். பல்கலைக்கழகத்தோட வேளாண் தொழில்நுட்ப இணையதளம் தமிழ்லயே இருக்கு, பயிர் வாரியா பூச்சி போட்டோ பாக்கலாம். உழவன் செயலி பெரிய மாமா போன்ல நானே ஏத்திக் குடுத்தேன். தென்னைன்னா ஆழியார் நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கே நேரா போலாம்

பெரியப்பா: அந்தச் செயலி பாஸ்வேர்ட் கேட்கிறது

கவி: பொழுதோட வந்து பாக்கறேன் மாமா

பெரியப்பா: பல்கலைக்கழகம் உழவரின் வளரும் வேளாண்மை என்று மாதப் பத்திரிகை போடுகிறது. நான் சேர்த்து வைத்த பழைய இதழ்கள் பரணில் இருக்கின்றன. யாராவது வந்து எடுத்துப் படித்தால் நல்லது. ஒருவரும் வரவில்லை.

சித்தப்பா: அந்த 1800க்குப் போட்டுப் பேசுனேன் கவி. தங்கமாத்தான் பேசுனாங்க. வெவரமா சொன்னாங்க. ஆனா வரப்பு எங்க இருக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்

அப்பா: வரப்பு இருக்கற இடத்துலதான் இருக்குது

சித்தி: கெரகம்

சரசு அத்தை அனுப்பியது (பலமுறை பகிரப்பட்டது): *தென்னை விவசாயிகளுக்கு மகிழ்ச்சிச் செய்தி!!! வாடல் பாதித்த ஒவ்வொரு மரத்துக்கும் உடனடி நிவாரணம். கீழே உள்ள லிங்கில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் பதிவு செய்யவும். இன்றே கடைசி நாள்*

கவி: அம்மா அதத் தொடாத

சரசு அத்தை: ஏன், மேல கவர்மெண்ட் முத்திரை போட்ருக்குதே

கவி: முத்திரைய யாரு வேணா ஒட்டலாம். நிசமா இருந்தா தோட்டக்கலை ஆபீஸ்ல கேட்டாலே தெரிஞ்சுரும். லிங்கத் தட்டிட்டியா?

சரசு அத்தை: தட்டுனேன். சுத்திட்டே இருந்துச்சு. விட்டுட்டேன்

கவி: நம்பர் எதும் போட்டியா

சரசு அத்தை: கண்ணாடி இல்ல அதனால போடல

தினேஷ் அண்ணன்: கண்ணாடி வாழ்க 🙏

பகல் 1:20

அப்பா: வெள்ளை ஈ வந்தப்ப மருந்தடிக்க வேண்டாம்னு மேடம் தலப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. சிலபேரு டிராக்டர் வெச்சு அடிச்சாங்க

சித்தப்பா: சிலபேருன்னா யாரு, பேரச் சொல்லுங்க

அப்பா: சொல்றதுக்கு என்ன இருக்குது

தினேஷ் அண்ணன்: அடிச்சா என்ன ஆகும்?

கவி: என்கார்சியான்னு ஒரு குட்டிக் குளவி, வெள்ளை ஈ குஞ்சுக்குள்ள முட்டை வெச்சு அதக் கொன்னுரும். மருந்தடிச்சா மொதல்ல சாகறது அதுதான். ஈ மறுபடி ஏறிக்கும். 2016ல பொள்ளாச்சிப் பக்கம் வெள்ளை ஈ வந்தப்ப நெறைய பேரு அடிச்சுத்தான் பாத்தாங்க. மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு 8, ஆறடி உயரத்துல. ஓலைல கருப்பு படிஞ்சா லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைச்சுத் தெளிச்சா காஞ்சு உரிஞ்சு விழுந்துரும்

சித்தி: அந்த மைதாவுல பாதிய இவரு பரோட்டா மாஸ்டருக்குக் குடுத்துட்டாரு

சித்தப்பா: கரைக்கறதுக்கு ஆளு வரல, வீணாப் போவுதுன்னு குடுத்தேன்

அப்பா: 🤦

சித்தப்பா: சரி நான் அடிச்சேன். அதுக்கப்பறமும் மேடம் என் தோப்புக்கு வந்தாங்க. ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அந்தக் கொணம் எல்லாருக்கும் வராது

நீங்கள்: வெள்ளிக்கிழமைக்கு என்ன எடுத்துட்டுப் போறதுன்னு பேசுங்க மொதல்ல

சரசு அத்தை: வெள்ளிக் குத்துவிளக்கு

பெரியப்பா: கூடாது. அரசுச் சம்பளம் வாங்குபவர். விலை உயர்ந்த பொருள் கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. சால்வை போதும். நான் ஒரு வாழ்த்துரை எழுதியிருக்கிறேன். நான்கு பக்கம்.

கவி: மாமா ஆளுக்கு ரெண்டு நிமிசம்தான்

பெரியப்பா: வேகமாகப் படிக்கிறேன்.

சித்தப்பா: நான் ரெண்டு தென்னங்கன்னு தர்றேன். புது ஊர்ல நட்டுக்கட்டும்

கவி: சின்ன மாமா, வாடல் வந்த தோப்புக் கன்ன வேற ஊருக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு மேடை போட்டுச் சொன்னதே மேடம்தான். அவங்க கையிலயே குடுக்கறீங்களா

சித்தப்பா: என் தோப்புல வாடல் இல்ல. வரப்புக்கு அந்தப் பக்கம்தான்

அப்பா: அப்ப அந்த மரம் என்துன்னு ஒத்துக்கிட்ட

தினேஷ் அண்ணன்: 😂😂😂

சித்தி: ஆட்டுன தேங்கா எண்ணெ அஞ்சு லிட்டர் குடுங்க. அவங்க பொண்ணுக்கு முடி நீளம்

அப்பா: எண்ணெ நம்ம வீட்டுல இருந்து தர்றேன்

சித்தப்பா: போன வாரம்தான் செக்குல ஆட்டி வெச்சிருக்கேன். நான் தர்றேன்

அப்பா: நான் மொதல்ல சொன்னேன்

சரசு அத்தை: ரெண்டரை ரெண்டரையா ஒட்டுக்கா ஒரு கேன்ல ஊத்துங்க. அப்பாரு இருந்தா இந்நேரம் செவுனில விட்டிருப்பாரு

சித்தி: எந்தக் கேன்? 😄

கவி: அத்தை!!!

மாலை 6:35

கவி: மேடம்கிட்டப் பேசிட்டேன். வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு வரப்போர மரத்தப் பாக்க வர்றாங்களாம். காய் எண்ணுன நோட்டு வேணுமாம். பெரிய மாமா பொதுவா இருக்கணுமாம். மத்த ரெண்டு மாமாவும் கண்டிப்பா நிக்கணுமாம். ஒருத்தரு இல்லாட்டியும் நான் வாயே தொறக்க மாட்டேன்னு சொல்லீட்டாங்க

அப்பா: சரி

சித்தப்பா: வியாழக்கிழமை வெட்டாளு சொல்லிருக்கேனே

அப்பா: நோட்டு எங்க வெச்சேன்னு பாக்கணும்

சித்தப்பா: நோட்டே இல்லியா

அப்பா: இருக்குது. பாக்கணும்னு சொன்னேன்

பெரியப்பா: (குரல் செய்தி, 3:52)

சரசு அத்தை: என்ன சொல்றாருன்னு யாராச்சும் டைப் பண்ணுங்க, இங்க பஸ் சத்தம்

நீங்கள்: வாழ்த்துரை படிச்சுப் பாக்கறாரு அத்தை. இது மொதல் பக்கம்

கவி: சின்ன மாமா வெட்டாள மத்தியானத்துக்கு மாத்துங்க. மேடம் இதுக்கப்பறம் கெடைக்க மாட்டாங்க

சித்தப்பா: கேட்டுப் பாக்கறேன். வெட்டாளு பெருமாளுக்குப் போன் போகவே மாட்டேங்குது

தினேஷ் அண்ணன்: நானும் வெள்ளிக்கிழமை வரலாம்னு இருக்கேன்

சரசு அத்தை: பஸ் ஏறுனப்பறம் சொல்லு. எண்ணெ யாரு தர்றீங்கன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லல