ஒழுங்கைக் களிக்குள் போத்தல் நாடா போடலாமா?

ஒழுங்கைக்காரன்: யாழ்ப்பாணம் அரியாலையில் எங்கட ஒழுங்கை, சின்னத் தெரு, கடலேரிப் பக்கம். கார்த்திகை மழைக்கு ஓட்டோ புதையும். போன வருசம் இரண்டு லோட் கிறவல் (சரளை மண்) கொட்டினோம், தை மாதத்துக்குள் களி விழுங்கிவிட்டது. சோடாப் போத்தலை நாடாவாக வெட்டிக் களியோடு கலந்து இறுக்கினால் மண் பலக்குமாம். செய்யலாம்தானே?

மேசன்மகன்: தாராளமாக. மண் அமுக்கம் தாங்கும், இழுவை தாங்காது. அந்த இழுவையை நாடா பிடிக்கும். அந்தக் காலத்தில் மண்சுவருக்குக் களியோடு வைக்கோல் குழைத்தார்களே, அதே வேலை. நூறு கிலோ மண்ணுக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. கூடப் போட்டால் நாடாவுக்கு மேல் நாடா வழுக்கும், பலம் குறையும்.

கிணற்றடி: அண்ணை, வைக்கோல் உக்கும், போத்தல் உக்குமா? எங்களுக்கு ஆறும் இல்லை. குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற தண்ணீர். சுன்னாகத்தில் கிணற்றில் எண்ணெய் மிதந்து, தண்ணீர் பவுசருக்குக் குடத்தோடு நின்றது மறந்துபோச்சா?

மேசன்மகன்: எண்ணெயும் போத்தலும் ஒன்றா? வெயில் படாமல் புதைந்த போத்தல் லேசில் உடையாது. இப்போது அது வாய்க்காலுக்குள் கிடக்கிறது, அது பரவாயில்லையா?

கிணற்றடி: லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட ஓட மேல்மண் அரையும், நாடா வெளியே வரும். எங்கள் மதிலடியில் ஒரு பழைய உரப்பை கிடக்கிறது. மூன்று வருச வெயில்தான், தொட்டால் தூளாய் உதிர்கிறது. உங்கட நாடாவும் வெளியே வந்தால் அந்தக் கதிதான், கொஞ்சம் பிந்தும்.

வன்னிக்களி: நான் மன்னார் முருங்கனில் வேலை செய்தவன். அந்தக் கறுத்தக் களி மழைக்கு ஊதும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். சுண்ணாம்பு போட்டால் களியின் குணமே மாறும். நாடா வெடிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். தம்பி, உங்கட களி காய்ந்தால் வெடிக்குதா?

ஒழுங்கைக்காரன்: பெரிதாக இல்லை. வெள்ளையாய் உப்புப் பூக்கும்.

வன்னிக்களி: அப்ப ஊதல் இல்லை, தண்ணீர் வடியாததுதான் வருத்தம். முதலில் வாய்க்கால் வெட்டுங்கோ. ஊறிக் குழைந்த களிக்குள் நாடாவுக்கு ஏது பிடி?

மேசன்மகன்: சரி, வாய்க்காலும் வெட்டட்டும். அப்புறம் நாடா கலந்து, மேலே ஆறு அங்குலம் கிறவல் இறுக்கினால் வெயிலும் படாது.

கிணற்றடி: அந்தக் கிறவலைத்தான் களி விழுங்கினது என்று அவரே எழுதியிருக்கிறார்!

ஒழுங்கைக்காரன்: வாய்க்கால் என்றால் முன்வளவுக்காரர் மதிலை ஒரு அடி பின்னுக்கு எடுக்க வேண்டும். அவரிடம் கேட்பதைவிடப் போத்தல் வெட்டுவது லேசு.