புதுப்பிப்பு: ஏற்காட்டு மழைமானி உறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மழை அளக்க வைத்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், கரண்ட் போய் யூபிஎஸ் தீரும்போது சிக்டெர்ம் (நிரலை நிறுத்தச் சொல்லும் சிக்னல்) வரும், ஆனால் சில நாள் மட்டும் நிரல் நிற்காமல் அப்படியே உறைந்துவிடுகிறது, ஏன் என்று.

பிழை தேடும் கருவியான ஜிடிபி போட்டுப் பார்த்தேன். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை), நினைவகம் ஒதுக்கும் மாலாக்கின் பூட்டைப் பிடித்திருந்த நொடியில் சிக்னல் வந்து அதையே இடைமறித்திருக்கிறது. சிக்னல் வந்ததும் அதே த்ரெட்டில் ஓடும் என் ஹேண்ட்லரும் கடைசிக் கணக்கை எழுத மாலாக்கைக் கூப்பிட, அந்த த்ரெட் தான் போட்ட பூட்டுக்குத் தானே காத்து நின்றது. புராசஸுக்கு (ஓடும் நிரல் முழுவதற்கும்) வரும் சிக்னல், அதைத் தடுக்காத எந்த த்ரெட்டின் தலையிலும் விழலாம். சில நாள் மட்டும் மாட்டியது அதனால்தான்.

இப்போது த்ரெட்டுகளைத் தொடங்கும் முன்பே நிரல் தொடங்கும் மெயினில் பிதிரெட்_சிக்மாஸ்க் என்ற அழைப்பைக் கொண்டு சிக்னலைத் தடுத்துவிட்டேன்; அதன்பின் பிறப்பவை அந்தத் தடையோடே பிறக்கும். ஒரே ஒரு த்ரெட், சிக்னலுக்காகக் காத்திருக்கும் சிக்வெயிட் அழைப்பில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்ளும். எந்த வேலையையும் இடைமறிக்காததால், அங்கே மாலாக், எழுத்தை வெளியிடும் பிரிண்ட்எஃப் எதையும் பயமின்றிக் கூப்பிடலாம். போன வாரக் கேள்விக்கு, நிறுத்தச் சொல்லி வாலடைல் கொடி (வாலடைல் என்று குறித்த ஒரு மாறி) வைத்தால் போதும் என்ற நண்பருக்கு: பல த்ரெட்டுகளுக்கு இடையே அது போதாது, த்ரெட்டுகள் பாதுகாப்பாகப் பகிரக்கூடிய அட்டாமிக் மாறி வேண்டும்.

நேற்று சாயங்காலம் மலைமேல் நல்ல மழை. சேலத்தில் இருந்தபடியே நாலு தடவை சிக்டெர்ம் அனுப்பிப் பார்த்தேன். நாலு தடவையும் கோப்பின் கடைசி வரி முழுசாக இருந்தது.