ஓல்டு டென்னன்ட் ஆலயம்: 1692-ஆ, 1751-ஆ? கல்லறைக் கற்களைப் படிப்பது எப்படி?

ஏட்டுச்சுவடி:
நியூ ஜெர்சி மன்மத் மாவட்டத்தில் உள்ள ஓல்டு டென்னன்ட் பிரஸ்பிட்டேரியன் (மூப்பர்கள் நிர்வகிக்கும் புராட்டஸ்டண்ட் சபைப் பிரிவு) ஆலயத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கிறேன். ஓரிடத்தில் 1692 என்றும் இன்னோரிடத்தில் 1751 என்றும் இருக்கிறது. எது சரி? கல்லறைத் தோட்டத்தில் பழைய செம்மணற்கற்களில் பாசி படிந்து எழுத்தே தெரியவில்லை. தேய்த்துக் கழுவலாமா?

மூப்பர்குறிப்பு:
இரண்டும் சரி. 1692 சபை தொடங்கிய ஆண்டு, 1751 இப்போதைய மரக் கட்டடத்தின் ஆண்டு. ஸ்காட்லாந்தில் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த கவனன்டர்கள் (தங்கள் சபை முறையைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்ட பிரஸ்பிட்டேரியன்கள்) முதலில் கூடிய இடம் சில மைல் தள்ளி, இன்றைய மார்ல்பரோவில். அங்கே ஓல்டு ஸ்காட்ஸ் கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. 1706 டிசம்பரில் ஜான் பாய்டுக்குப் போதகர் அபிஷேகம் நடந்ததும் அங்கேதான். அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் பதிவேடுகளில் காணும் முதல் அபிஷேகம் அது. இப்போது ஆலயம் இருக்கும் மேட்டுக்குச் சபை வந்தது 1731-இல். ஆகவே 1731-க்கு முந்தைய அடக்கங்களை ஓல்டு ஸ்காட்ஸில் தேடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

நியூ ஜெர்சியில் அரசு இறப்புப் பதிவு 1848 மே மாதத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு ஞானஸ்நானப் பதிவேடும் மூப்பர் சங்கக் குறிப்பும் கல்லும்தான் ஆதாரம்.

கல்லெழுத்து:
முதலில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். பிறகு விரல் முட்டியால் கல்லை லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை வந்தாலோ ஓரம் ஏடேடாகப் பிரிந்தாலோ கை வைக்காதீர்கள். செம்மணற்கல் அடுக்கடுக்கானது, இடுக்கில் நீர் புகுந்து குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது எழுத்துள்ள முகமே பெயர்ந்து விழும்.

படிப்பதற்குக் கழுவவே வேண்டாம். ஆளுயரக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை எதையும் பூசக் கூடாது.

உறுதியான கல்லைக் கழுவுவதென்றால் வெறும் நீரும் மென்மையான நைலான் தூரிகையும் போதும். கல்லை நன்றாக நனைத்துவிட்டுக் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வழிந்து கறையாகும். உறைபனிக் காலத்தில் தொடவே வேண்டாம். பிளீச் உள்ளே உப்பை விட்டுச் செல்லும், கம்பித் தூரிகை கீறும், அழுத்த நீர் முகத்தையே அரித்துவிடும். உடைந்ததை போர்ட்லேண்ட் சிமெண்டால் ஒட்டுவது பெரிய கேடு: அது கல்லைவிடக் கெட்டி, ஈரத்தையும் வெளியே விடாது. சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

மூப்பர்குறிப்பு:
தேதியிலும் கவனம். 1752-க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. கல்லில் 1740 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1741 ஆக இருக்கலாம். 'கன்சார்ட்' என்றால் கணவர் உயிரோடிருக்க இறந்தவர். 'ரெலிக்ட்' என்றால் கைம்பெண். சொல்லின் நடுவில் எஃப் போலத் தெரிவது பெரும்பாலும் எஸ்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1778 ஜூன் 28 அன்று நடந்த மன்மத் சண்டையின்போது இந்த ஆலயம் காயம்பட்டோருக்கு மருத்துவமனையானது. அன்று இறந்த ஆங்கிலேயத் தளபதி ஹென்றி மாங்க்டன் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1781 அக்டோபரில் சண்டையில் மாண்ட மருத்துவர் நத்தானியேல் ஸ்கடர் கல்லறையும் இங்கேதான். பக்கத்து ஃப்ரீஹோல்டில் 1793-இல் பிறந்து 1819-இல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய ஜான் ஸ்கடர் அதே குடும்பம். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. உங்கள் குறிப்பில் நத்தானியேல் ஸ்கடர் கல்லின் படமும் இடம்பெறட்டும்.