மறுமொழி: ஜேசன் ஃபீல்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். ஜாங்கோவில் (பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் சட்டகம்) பல பெயர், மதிப்பு இணைகளை ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரே இடத்தில் வைக்கும் தரவுப் புலம்தான் ஜேசன் ஃபீல்டு. அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்ட இழைக்கு என் பதில் இது.

> "கட்டமைக்கப்பட்ட தனிப்பயன் தரவுப் புலம்" என்று வைத்தால் பொருள் முழுதாக வந்துவிடும்.

வரும் ஐயா, பொத்தானில்தான் இடம் போதாது. தவிர, வலைத்தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு பதிவோடு நாமே சேர்த்துக்கொள்ளும் பெயர், மதிப்பு இணைக்கு 'தனிப்பயன் புலம்' என்ற பெயர் ஏற்கெனவே ஓடுகிறது. அவை தரவுத்தளத்தின் போஸ்ட்மெட்டா அட்டவணையில் ஆளுக்கொரு வரிசையாகப் போய் உட்காரும். ஜாங்கோவின் ஜேசன் ஃபீல்டு அப்படியில்லை. ஒரே புலம், அதற்குள் பல சாவிகள் (கீ, அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ள பெயர்), சாவிக்குள் சாவி. 2020-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மட்டுமல்ல, மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் தரவுத்தளங்களிலும் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் கையேடு எழுதும்போது நாமே குழம்புவோம்.

ஆம்பூரில் (2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம், எங்கள் வாய்க்கு இன்னும் வேலூர்தான்) ஒரு ஷூ கம்பெனிக்குச் சரக்குப் பதிவு மென்பொருள் பார்க்கிறேன். ஒரு பையருக்குத் தோலின் தடிமன் வேண்டும், இன்னொருவருக்கு சோலின் கடினம். ஒவ்வொன்றுக்கும் மைக்ரேஷன் (அட்டவணை அமைப்பை மாற்றும் வேலை) ஓட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஜேசன் புலத்தில் போட்டேன். சேமிப்பது சுலபம். திருத்துவதுதான் தலைவலி. அட்மின் பக்கத்தில் அது வெறும் எழுத்துப் பெட்டி. சூப்பர்வைசர் 1.2-க்குப் பின்னால் கமாவை விட்டுவிட்டு, "ஏறவே மாட்டேங்குது சார்" என்று போன் செய்தார். அப்புறம் ஒருநாள் கமா சரி. 'தடிமன்' என்பதை 'தடிப்பு' என்று அடித்துவிட்டார். அது ஏறிவிட்டது! தேடினால் அந்தத் தோல் மட்டும் வரவில்லை. கமா தப்பினால் ஜாங்கோ பிடித்துவிடும். சாவி தப்பினால் நாம்தான் சோதனை எழுதிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்ததும் "புலத்தில் பிழை" என்றால் யாருக்கு என்ன புரியும்? பெயர் வேண்டியது புலத்துக்கு மட்டுமல்ல, உள்ளே இருப்பதற்கும்தான்.

குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் நிலத்தின் பட்டாவை வேறு வேலையாக எடுத்தபோதுதான் இது தோன்றியது. அதில் புல எண், உட்பிரிவு என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாகம் பிரித்தாலும் புல எண் அதேதான். உட்பிரிவுதான் 1, 1ஏ, 1ஏ1 என்று நீண்டுகொண்டே போகும். சாவிக்குள் சாவியும் அதுதானே? ஃபீல்டுக்குப் 'புலம்' ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஆக, ஜேசன் ஃபீல்டு 'உட்பிரிவுப் புலம்', உள்ளே உள்ள சாவி 'உட்பிரிவு'. பிழைச் செய்தி இப்படி வரும்: "தோல் விவரம் புலத்தில் தடிப்பு என்ற உட்பிரிவு இல்லை."

> உட்பிரிவு என்றால் சப்-கேட்டகரி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

அதற்குத்தான் 'துணைவகை' இருக்கிறதே. ஜேசன் ஃபீல்டுக்கு 'பொதிபுலம்' என்று பெயர் சொன்ன தம்பிக்கு: சொல் கச்சிதம்தான், ஆனால் பொதி என்றதும் எனக்குக் கழுதைதான் கண்ணில் நிற்கிறது. மன்னிக்கவும்.

சரி, திங்கட்கிழமை அந்த மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன். சூப்பர்வைசர் போன் செய்தால் எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து