பிலிப்பைன்ஸில் இருக்கும் இணையருக்கு பிரிட்டன் வருகையாளர் விசா: எங்கள் உறவைச் சொல்லி விண்ணப்பிப்பதா, சொல்லாமல் விண்ணப்பிப்பதா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சொந்த ஊர் திருநெல்வேலி. பிரிட்டனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நிரந்தர வசிப்புரிமை பெற்று லெஸ்டரில் வேலை செய்கிறேன். என் இணையர் பிலிப்பைன்ஸில் சீபூ தீவில் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. நான் மூன்று முறை சீபூவுக்குச் சென்று, அவருடைய தாயாரையும் தம்பியையும் கண்டு பேசிவிட்டு வந்திருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் இருவருக்கும் உண்டு என்றாலும் இன்னும் நாள் எதுவும் குறிக்கவில்லை. அதற்கு முன்பாக நான் வாழும் ஊரையும் வீட்டையும் அவர் ஒருமுறை நேரில் பார்த்து, இந்த வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்று தாமே முடிவு செய்ய வேண்டும் என விரும்புகிறோம். ஆகவே வரும் ஏப்ரல் மாதம் பள்ளி விடுமுறையில் நான்கு வாரங்களுக்கு அவரை அழைக்க எண்ணியிருக்கிறேன்.

என் குழப்பம் இதுதான். அங்குள்ள ஒரு விசா முகவர், காதலன் பிரிட்டனில் இருக்கிறார் என்று எழுதினால் விசா கிடைக்கவே கிடைக்காது என்றும், தனியாகச் சுற்றுலா வருவதாக எழுதி ஒரு ஹோட்டல் முன்பதிவைக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். என் இணையரின் வங்கிக் கணக்கில் 2,00,000 பேசோ (பிலிப்பைன்ஸ் நாணயம்) இருக்கும்படி நான் பணம் அனுப்ப வேண்டுமாம். அவருடைய மாதச் சம்பளம் 30,000 பேசோவை ஒட்டியது. முகவரின் பேச்சை நம்பி, சென்ற வாரம் 1,00,000 பேசோ அனுப்பியும் விட்டேன். அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை. இந்த வழியில் வந்தவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள்.

வெம்பிளிவாசி எழுதியது:

தம்பி, மேற்கொண்டு எதுவும் செய்யாமல் முதலில் இதைப் படியுங்கள். நான் குடிவரவுச் சட்ட அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் கோப்புகள் தயாரித்தவள், வழக்கறிஞர் அல்ல. அந்த முகவர் சொன்ன இரண்டும் தவறு என்பது மட்டுமல்ல, இரண்டாவதைவிட முதலாவது மிகவும் ஆபத்தானது. விண்ணப்பத்தில் பொய்த் தகவலையோ பொய் ஆவணத்தையோ கொடுத்தது தெரிந்தால் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் இணையரின் வருகையாளர் விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். பின்னாளில் மனைவியாக விண்ணப்பிக்கும்போதும் அந்தப் பதிவு குறுக்கே வந்து நிற்கும். நீங்கள் மூன்று முறை சீபூவுக்குச் சென்றது, பணம் அனுப்பியது, நாளை இணையர் விசாவுக்காக இரண்டரை ஆண்டு உறவைக் காட்டப்போவது ஆகிய அனைத்தும், "அங்கே எனக்கு யாரும் இல்லை" என்று அவர் இன்று எழுதும் வரிக்கு எதிரான சாட்சிகளாகிவிடும்.

விசா அதிகாரி உங்கள் அன்பை அளந்து பார்ப்பதில்லை. வருகையாளர்களுக்கான விதித்தொகுப்பில் வி 4.2 என்ற பத்தியை எடுத்துப் படியுங்கள். வருகை முடிந்ததும் நாட்டை விட்டுப் புறப்படுவாரா, அடிக்கடி வந்து தங்கி இதையே வீடாக்கிக்கொள்வாரா, சொன்ன நோக்கத்துக்காகத்தான் வருகிறாரா, தடைசெய்யப்பட்ட வேலை எதுவும் செய்யாமல் இருப்பாரா, செலவுக்குப் பணம் உண்டா என்பவைதான் அதில் கேட்கப்படுகின்றன. காதலர் இருக்கிறார் என்பது நிராகரிப்புக்கான காரணமாக எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் காதலர் இருக்கும்போது "திரும்புவாரா" என்ற கேள்வியின் எடை கூடிவிடுகிறது என்பது உண்மை. அதற்கு விடை உறவை மறைப்பதில் இல்லை; அவருடைய சீபூ வாழ்க்கையைக் காகிதத்தில் முழுமையாகக் காட்டுவதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் நேர்காணல் எதுவும் இல்லாமல் காகிதங்களை மட்டும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்பதால், காகிதத்தில் இல்லாத எதுவும் அதிகாரிக்குத் தெரியாது.

இந்த வகையில் உங்கள் இணையரின் நிலை நன்றாகவே இருக்கிறது. பள்ளியிலிருந்து பணிச் சான்றும் விடுப்பு அல்லது விடுமுறைக் காலத்தை உறுதிசெய்யும் கடிதமும் பெறச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சொந்த வேலையாக வெளிநாடு செல்லவும் கல்வித் துறையின் பயண அனுமதி பெற வேண்டும். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் குறிக்கப்பட்ட அந்த அனுமதி, அவர் திரும்பி வருவார் என்பதற்கு நாம் எழுதும் எந்தக் கடிதத்தையும்விட வலுவானது. தம்பியின் படிப்புச் செலவை அவர்தான் கட்டுகிறார் என்றால் அதற்கான ரசீதுகளையும், தாயாரோடு வசிக்கும் வீட்டின் ஆவணத்தையும் சேர்க்கலாம்.

இனி பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். விண்ணப்பதாரரின் செலவை வேறொருவர் ஏற்பதை விதி வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும், அவர் இந்நாட்டில் சட்டப்படி வசிக்க வேண்டும், செலவை ஏற்கும் வசதியும் எண்ணமும் அவருக்கு இருக்க வேண்டும். நீங்கள் மூன்றிலும் பொருந்துகிறீர்கள். அப்படியிருக்க, 30,000 பேசோ சம்பளம் வாங்குபவரின் கணக்கில் திடீரென்று ஒரு லட்சத்தை ஏற்றுவது, இருக்கும் பலத்தை நாமே கெடுத்துக்கொள்வதாகும். அவருடைய கணக்கு அறிக்கையில் சம்பளம் வந்து, வீட்டுச் செலவு போய், சிறிது மீதி நிற்பது தெரிந்தாலே போதும். டிக்கெட், தங்குமிடம், உணவு ஆகியவற்றை நீங்கள் ஏற்கிறீர்கள் என்று எழுதி, ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் வங்கி அறிக்கையையும் இணையுங்கள்.

வைகைக்காற்று எழுதியது:

அக்கா சொன்னதற்கு நானே சாட்சி. என் மனைவியும் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர்தான், இலோய்லோ ஊர்க்காரர். திருமணத்துக்கு முன்பு, 2019ஆம் ஆண்டில், நானும் இதே தவற்றைச் செய்தேன். உறவை மறைக்கவில்லை, ஆனால் விண்ணப்பிப்பதற்கு மூன்று வாரம் முன்பு அவருடைய கணக்கில் பெருந்தொகை ஒன்றைப் போட்டேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தத் தொகை அவருடைய வருமானத்தோடு பொருந்தவில்லை, ஆகவே அவருடைய உண்மையான பொருளாதார நிலையை அறிய முடியவில்லை என்ற காரணத்தோடு நிராகரிப்புக் கடிதம் வந்தது. கட்டிய கட்டணம் திரும்பி வராது. மேல்முறையீடும் செய்ய முடியவில்லை. குடும்பத்தினரைக் காண வருவோருக்கு இருந்த முழு மேல்முறையீட்டு உரிமை 2013 ஜூன் மாதத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அன்று இரவு தொலைபேசியில் அவர் அழுததை நான் இன்றும் மறக்கவில்லை. தவறு செய்தவன் நான், நிராகரிப்பு முத்திரை விழுந்ததோ அவர் பெயரில்.

ஐந்து மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பித்தோம். முதல் நிராகரிப்பை மறைக்காமல் எழுதினோம். அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு காரணத்துக்கும் கடிதத்தில் ஒவ்வொரு பத்தியாக விடை எழுதினோம். அந்தக் கடிதம் இரண்டே பக்கம்தான். எங்கே சந்தித்தோம், எத்தனை முறை நேரில் பார்த்தோம், அவர் எந்த நாள் வந்து எந்த நாள் திரும்புகிறார், எந்தச் செலவை யார் ஏற்கிறார், என் வாடகை வீட்டில் எத்தனை அறைகள், அவருடைய வேலை எந்த நாளில் மீண்டும் தொடங்குகிறது என்பவை மட்டுமே அதில் இருந்தன. புகைப்படங்கள் எட்டு, ஒவ்வொன்றின் கீழும் இடமும் மாதமும் எழுதியிருந்தோம். முதல் முறை நூறு பக்க அரட்டைப் பதிவுகளை ஏற்றியிருந்தேன். அவற்றை யாரும் படித்திருக்க மாட்டார்கள். இம்முறை விசா கிடைத்தது.

நீங்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஒரு லட்சத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். அதைத் திருப்பி வாங்கினால் வந்த பணமும் போன பணமும் சேர்ந்து அறிக்கையில் நிற்கும். பார்ப்பவருக்கு அது இன்னும் விசித்திரமாகத் தெரியும். இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். விமான டிக்கெட்டுக்காக நான் அனுப்பியது என்று கடிதத்தில் எழுதி, அனுப்பிய ரசீதை இணைத்து, உண்மையிலேயே அதிலிருந்து டிக்கெட் எடுங்கள். ஆனால் விசா வரும்வரை பணம் கட்டி டிக்கெட் எடுக்க வேண்டாம். பயண நாள்களைக் குறிப்பிட்டாலே போதும்.

பனைமரம் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. திருமணம் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்பது உறுதியென்றால் எதற்காக இந்தச் சுற்றுவழி? நேராக வருங்காலத் துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்து, ஆறு மாதத்துக்குள் இங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அப்படியே துணைவர் விசாவுக்கு மாறிவிடலாம். வருகையாளர் விசா ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் மன உளைச்சல்தான் மிஞ்சும். அல்லது வருகையாளராக வந்தவுடனே இங்கே திருமணத்தை முடித்துக்கொண்டு தங்கிவிடவும் சிலர் முயல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

வெம்பிளிவாசி எழுதியது:

முடியாது, தயவுசெய்து யாரும் அந்த எண்ணத்தோடு வர வேண்டாம். வழக்கமான வருகையாளர் விசாவில் வந்து இங்கே திருமணம் செய்யவோ, அதற்காகப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கவோ அனுமதி இல்லை. திருமணம் மட்டும் செய்துகொண்டு திரும்பிச் செல்வோருக்கு, திருமண வருகையாளர் விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. இவ்விரண்டில் எதில் வந்தாலும் நாட்டுக்குள் இருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற முடியாது. ஊருக்குத் திரும்பி அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

வருங்காலத் துணைவர் விசா நல்ல வழிதான், ஆனால் அது நாள் குறித்துவிட்டவர்களுக்கான வழி. 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சருக்கு, அதாவது இங்கிருந்து அழைப்பவருக்கு, ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு வேண்டும். அதற்கு முன் 18,600 பவுண்டாக இருந்தது. இதோடு ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டு ஆனது. ஆறு மாத வருகையாளர் விசாவுக்கு அதே மாதத்தில் வைத்த கட்டணம் 127 பவுண்டுதான்; ஆறு மாதத்துக்கு மேற்படாத வருகை என்பதால் காசநோய்ப் பரிசோதனையும் தேவையில்லை. தம்பி கேட்பது திருமணத்துக்கு முன்பு அந்தப் பெண் இந்த வாழ்க்கையை நேரில் பார்க்க வேண்டும் என்பதை. அது மிக நியாயமான விருப்பம். வருங்காலத் துணைவர் விசாவில் வேலையை விட்டுவிட்டு வந்து, ஆறு மாதம் வேலைக்குச் செல்ல அனுமதியில்லாமல் இருந்து, பின்பு இந்த ஊர் ஒத்துவரவில்லை என்று உணர்வது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருமண எண்ணத்தையும் கடிதத்தில் மறைக்காதீர்கள். "திருமணம் செய்துகொள்ள விரும்புகிறோம், இந்தப் பயணத்தில் செய்யப்போவதில்லை, முடிவு செய்யும்போது அதற்குரிய விசாவுக்கு சீபூவிலிருந்தே விண்ணப்பிப்போம்" என்று இரண்டு மூன்று வரிகளில் எழுதிவிடுங்கள். விதியை அறிந்து அதற்கு உட்பட்டு நடப்பவர் என்ற எண்ணத்தை அந்த வரிகள் ஏற்படுத்தும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே இணையரிடம் இவை அனைத்தையும் படித்துச் சொன்னேன். உறவை மறைப்பது தமக்கும் அவமானமாகவே இருந்தது, ஆனால் முகவர் அறிந்தவர் என்று எண்ணி வாய் திறக்கவில்லை என்றார். முகவரை விட்டுவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. விண்ணப்பத்தை எப்போது அளிப்பது? விசா கிடைத்தாலும், பிலிப்பைன்ஸ் விமான நிலையத்திலேயே அவர்கள் நாட்டு அதிகாரிகள் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதாக அவருடைய தோழியர் அச்சமூட்டுகிறார்களே, அது உண்மையா?

வைகைக்காற்று எழுதியது:

பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த நாளிலிருந்து வழக்கமாக மூன்று வாரத்துக்குள் முடிவு வரும். ஏப்ரல் நடுவில் பயணம் என்றால் ஜனவரி இறுதியில் விண்ணப்பியுங்கள். அதற்குள் அவர் பயண அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கோப்பு பள்ளியிலிருந்து மேலிடம் சென்று திரும்ப நாளாகும்.

விமான நிலையத்தைப் பற்றி அவருடைய தோழியர் சொல்வது உண்மைதான். அங்கே அதை "ஆஃப்லோடு" என்பார்கள். ஆள்கடத்தலுக்கும் சட்டவிரோத வேலைக்கும் இரையாகாமல் மக்களைக் காப்பதற்காக, வெளிநாடு செல்லும் தம் குடிமக்களை பிலிப்பைன்ஸ் குடிவரவு அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். முதன்முறையாகத் தனியே பயணம் செய்யும் இளம்பெண், செலவை ஏற்பவர் இரத்த உறவினர் அல்லாத வெளிநாட்டவர் என்றால் இரண்டாம் கட்ட விசாரணைக்கு அழைக்க வாய்ப்பு மிகுதி. என் மனைவியை அப்படி அழைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். லண்டனில் உள்ள பிலிப்பைன்ஸ் தூதரகத்தில் அவருடைய செலவை நான் ஏற்கிறேன் என்று சொல்லும் ஆதரவு உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைச் சான்றுறுதி செய்து, மூலப் பிரதியை அவருக்கு அஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதோடு விசா, திரும்பும் டிக்கெட், பணி அடையாள அட்டை, என் அழைப்புக் கடிதம், நாங்கள் இருவரும் அவர் தாயாரோடு இருக்கும் படம் ஆகியவை கைப்பையில் இருந்தன. கேட்டதற்கு மட்டும் நேராக விடை சொன்னார், விட்டுவிட்டார்கள். அரசு ஆசிரியை என்பதால் உங்கள் இணையரிடம் பயண அனுமதியைக் கட்டாயம் கேட்பார்கள். விமானம் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே அவர் அங்கே இருக்கட்டும்.

இங்கே வந்து இறங்கும்போதும் அதே கோப்பு கையில் இருக்க வேண்டும். விசா இருந்தாலும் எல்லை அதிகாரி கேள்வி கேட்கலாம். பட்டச் சான்றிதழ்கள் அனைத்தையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை தேடி வருகிறாரோ என்ற ஐயத்தை அவை எழுப்பும். பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் சேர நேர்ந்தால் வருகையாளரிடம் சிகிச்சைச் செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள்.

வெம்பிளிவாசி எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரிட்டனில் தொழிலாகக் குடிவரவு ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். கட்டணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பதிவைச் சரிபாருங்கள். உங்கள் கடிதத்தை எழுதி முடித்ததும், பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு இங்கே இடுங்கள். வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.