சொல் தேவை: பழைய டீசல் ரயில் எஞ்சினைப் ‘புதுக்குதல்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது ‘லோகோமோட்டிவ் மாடர்னைசேஷன்’ என்று வந்தது. கை தானாகவே ‘நவீனமயமாக்கல்’ என்று தட்டிவிட்டது. மறுநாள் படித்துப் பார்த்தால் அந்தச் சொல் எதையுமே சொல்லவில்லை. ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வைப்பதும் நவீனமயமாக்கல், இருபது வருஷம் சரக்கு இழுத்துக் களைத்த எஞ்சினை அடிச்சட்டம் வரைக்கும் உரித்துப் போட்டு மறுபடி கட்டுவதும் நவீனமயமாக்கல் என்றால் எப்படி? அதனால்தான் இந்த இழையைத் தொடங்கினேன். வந்த பதில்களைப் பார்த்த பிறகு என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். நம் நாட்டு உதாரணம் டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல் ரயில் எஞ்சின். அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1962-ல் கப்பலில் வந்திறங்கியது, 1964 முதல் வாரணாசியிலேயே கட்டினார்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். பெயரில் உள்ள ‘எம்’ பயணிகள், சரக்கு இரண்டுக்கும் பொது என்பதற்கு. ரயில்வே கணக்கில் டீசல் எஞ்சினுக்கு ஆயுள் 36 வருஷம். பாதி ஆயுளில், அதாவது 18-ஆம் வருஷ வாக்கில், பஞ்சாபில் உள்ள பட்டியாலா ரயில்வே ஆலைக்கு அனுப்பிவந்தார்கள். 1981-ல் உதிரிபாகத் தொழிற்சாலையாகத் தொடங்கிய இடம் அது. 2003-ல் பெயரிலேயே ‘மாடர்னைசேஷன்’ ஏறியது (பிறகு அந்தப் பெயரும் மாறிவிட்டது). ஆக, நம் சிக்கலுக்கு அரசாங்க முத்திரையும் உண்டு!

அங்கே உள்ளே போன 2600 குதிரைத்திறன் எஞ்சின் வெளியே வந்தபோது 3100. பழைய எஞ்சினில் டீசல் பொறி (உள்ளே டீசலை எரிக்கும் இயந்திரம்) ஒரு டி.சி. ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் கம்யூட்டேட்டர் என்ற சுழலும் செப்பு உருளை உண்டு, அதை உரசி மின்சாரம் எடுக்கும் கார்பன் பிரஷ் உண்டு. பிரஷ் தேயும், பொறி பறக்கும், சுமை கூடினால் கருகும். திறனைக் கூட்ட வேண்டுமென்றால் முதல் முட்டுக்கட்டை அதுதான். அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்து, வருகிற ஏ.சி. மின்சாரத்தை டயோடுகள் வழியாக டி.சி. ஆக்கி, அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குக் கொடுத்தார்கள். கூடவே நல்ல டர்போ (பொறிக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), எரிபொருள் தெளிக்கும் பெரிய பம்புகள், எஃகுத் தலை பிஸ்டன்கள், ரிலே பெட்டிகளுக்குப் பதில் நுண்செயலிக் கட்டுப்பாடு. அடிச்சட்டம் மட்டும் பழையது. போகி (சக்கரங்களும் அச்சுகளும் உள்ள கீழ்ப்பகுதி) பழையது. வெளியே வந்தது டபிள்யூ.டி.எம்.-3ஏ என்று புதுப்பெயரோடு.

இதற்குத்தான் சொல் வேண்டும். சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருவோம்.

> ‘எஞ்சின் மாற்றம்’ என்று எளிதாகச் சொல்லிவிடலாமே?

சொல்லலாம், ஆனால் கேட்பவருக்கு வேறு பொருள் போய்ச்சேரும். தமிழில் எஞ்சின் என்றால் ரயிலை இழுக்கிற வண்டி முழுவதும். ‘ஜங்ஷன்ல எஞ்சின் மாத்துறாங்க, இறங்கி டீ குடிச்சிட்டு வா’ என்றுதானே சொல்கிறோம்? உள்ளே இருக்கிற டீசல் எஞ்சினுக்குத் தனிச் சொல் வைக்காமல் இதைத் தீர்க்க முடியாது. அதை நான் ‘பொறி’ என்றே எழுதுகிறேன். மேலே ‘பொறி பறக்கும்’ என்றும் எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும், அது நெருப்புப் பொறி.

பொறியையே தூக்கிவிட்டு வேறு பொறி வைப்பதும் உண்டு. இங்கிலாந்தில் கிளாஸ் 47 எஞ்சின்கள் சிலவற்றிலிருந்து சுல்சர் பொறியை இறக்கிவிட்டு, ஏற்கெனவே ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் பொறியை 1998 முதல் லஃப்பரோவில் ஏற்றினார்கள். மொத்தம் 33. முதலில் வந்தவை கண்டெய்னர் சரக்கு இழுக்கப் போயின. அவற்றுக்குக் கிளாஸ் 57 என்று புது எண் கொடுத்தார்கள். இதற்குப் ‘பொறிமாற்று’ என்ற சொல் போதும் என்பது என் எண்ணம். லாரிப் பட்டறையில் சொன்னாலும் புரியும்.

> ஓவர்ஹாலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இரண்டுக்கும் ‘மறுசீரமைப்பு’ போதாதா?

போதாது. ஓவர்ஹால் என்பது பிரித்து மாட்டுவது. பொன்மலைப் பணிமனையில் காலமுறைப்படி நடப்பது அதுதான். தேய்ந்ததை மாற்றி, அளவு பார்த்து, பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். போனது எதுவோ அதுதான் திரும்பி வரும். பட்டியாலாவிலிருந்து திரும்பி வந்தது வேறு. (மறுசீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நிர்வாகமும் கடனும்தான் ஞாபகம் வருகிறது.)

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு அமெரிக்கச் சட்டமே சாட்சி. அங்கே ரயில் எஞ்சின் புகை விதிகளில் ‘ரீமேனுஃபேக்சர்’ என்பதற்கு வரையறை உண்டு: பொறியின் சிலிண்டர் தொகுதிகள் அத்தனையையும் ஒரே தடவையிலோ ஐந்து ஆண்டுகளுக்குள் சிறிது சிறிதாகவோ மாற்றினால் அது ரீமேனுஃபேக்சர். அந்தக் கணக்கில் வந்துவிட்டால் அதற்குரிய புகை வரம்புக்கும் கட்டுப்பட வேண்டும். பராமரிப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டத்தை மொழிபெயர்க்க ‘மீளுற்பத்தி’ சரி. பேச்சுக்கு ஆகாது.

அடுத்த பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது.

> மறுதாம்புக் கரும்பு போல இதையும் ‘மறுதாம்பு எஞ்சின்’ எனலாம். கட்டை பழையது, தூர் புதியது.

தஞ்சாவூர்க்காரர் மூளை! இரண்டு நாள் இந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். மண்ணுக்குள் இருக்கிற கட்டையை விட்டுவிட்டு மேலே புதிதாகத் தழைப்பது, அடிச்சட்டத்தை விட்டுவிட்டு மேலே புதிதாகக் கட்டுவது: பொருத்தம் அப்படியே உட்காருகிறது. ஆனால் கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும், மறுதாம்பில் செலவு குறைவு, விளைச்சலும் பொதுவாகக் குறைவு. இங்கே தலைகீழ். 2022-ல் யூனியன் பசிபிக் ரயில்வே 600 பழைய சரக்கு எஞ்சின்களை இப்படி மாற்ற வாப்டெக் நிறுவனத்துக்கு வேலை கொடுத்தது. மதிப்பு நூறு கோடி டாலருக்கு மேல். எரிபொருள் 18 சதவீதம் வரை மிச்சமாகும், இழுவை 55 சதவீதம் கூடும் என்று சொல்லித்தான் வாப்டெக் அதை விற்றது. விற்பவர் சொல்கிற கணக்கைக் கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொண்டாலும், மறுதாம்பு எந்தக் காலத்திலும் முதல் வெட்டை இப்படி மிஞ்சாது. அரைமனதோடுதான் விடுகிறேன்.

எனக்குத் தோன்றியது ‘புதுக்குதல்’. புதுப்பித்தல் இருக்கிறதே என்பீர்கள். அது லைசென்ஸுக்கும் சந்தாவுக்கும் போய் நெடுநாள் ஆகிறது. புதுக்குதல் அதே வேரில் வந்த பழைய சொல். கோயிலைப் புதுக்குவதற்கென்று விட்ட நிலத்தைக் கல்வெட்டில் ‘புதுக்குப்புறம்’ என்றே குறித்திருக்கிறார்கள். கோயில் திருப்பணியும் இந்த வேலையும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. அடித்தளம் அங்கேயே இருக்கும், மேலே உள்ளதைப் பிரித்துக் கட்டுவார்கள், இடம் மாறாது, பெயர் சில சமயம் மாறும். மலையாளத்தில் புதுக்குதல் இன்றும் அன்றாடச் சொல். அங்கே லைசென்ஸையும் புதுக்கத்தான் செய்கிறார்கள், அதை மறைக்க விரும்பவில்லை.

‘புதுக்கிய எஞ்சின்’, ‘எஞ்சினைப் புதுக்கும் ஆலை’, ‘இந்த எஞ்சின் 2005-ல் புதுக்கப்பட்டது’ என்றெல்லாம் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை.

> அப்படியானால் டீசலை மின்சார எஞ்சினாக மாற்றினார்களே, அதுவும் புதுக்கலா?

நல்ல கேள்வி. 2018-ல் வாரணாசியில் இரண்டு பழைய ஆல்கோ சரக்கு எஞ்சின்களை எடுத்து, டீசல் பொறியையே களைந்து, 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை மின்சார எஞ்சினாக மாற்றினார்கள். வேலை 69 நாளில் முடிந்தது என்பதுதான் அப்போது பெரிய செய்தி. மேலே மின்கம்பி வந்த பிறகு டீசலை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது ஒரு பதில். என் கணக்கில் அது புதுக்கல் இல்லை, உருமாற்றம். சாப்பாடே மாறிவிட்டது.

நேற்றிரவு வந்த இரண்டு மடல்களையும் சேர்த்துவிடுகிறேன். ஈரோட்டு டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா எழுதியது:

> தம்பி, நாங்கள் ‘ரீபில்ட் வண்டி’ என்றுதான் சொல்வோம். எஞ்சின் என்றுகூடச் சொல்ல மாட்டோம், வண்டிதான். புதுக்கின வண்டி என்றால் புரியும். ஆனால் பெயிண்ட் அடித்து வந்ததையும் பையன்கள் அப்படியே சொல்லிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

> அண்ணா, 1954-ல் கனடா தந்த எம்2 எஞ்சின் இன்னும் எங்கட தண்டவாளத்தில் ஓடுது. சொல்லை விக்சனரி இணைய அகராதியில் போடேக்க ‘புகையிரத’ என்ற முன்னொட்டையும் சேர்த்துப் போடுங்கோ, இல்லாட்டி இங்க தேடுற ஆக்களுக்குக் கிடைக்காது.

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதை அப்படியே செய்துவிடலாம். ஐயா சொன்னதுதான் உறுத்துகிறது. வெறும் வர்ணப்பூச்சையும் இந்தச் சொல் விழுங்கிவிடும் என்றால் ‘மறுகட்டு’ என்பதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? நாமக்கல்லில் லாரிக்குப் பாடி ‘கட்டுகிறார்கள்’, அந்தச் சொல் பட்டறைக்கு அந்நியமில்லை. ஆனால் மறுகட்டு என்றால் திறன் கூடியது காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குள் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றால் புதுக்குதல் என்று பதிந்து, ‘வர்ணப்பூச்சைக் குறிக்காது’ என்று ஒரு வரியும் சேர்த்துவிடுகிறேன்.