மாத சந்திப்பிலிருந்து ஒரு நாள் மாநாட்டுக்கு: எத்தனை அரங்கு, கட்டணம் வைக்கலாமா?

இழை எழுதியது:

வணக்கம். வலைப்பதிவு எழுதுகிறவர்களும் வலைத்தளம் கட்டுகிறவர்களுமாக இரண்டு வருடமாக மாதம் ஒரு முறை கூடிப் பேசி வருகிறோம். ஒரு மாதம் 10 பேர் வருவார்கள், ஒரு மாதம் 18 பேர். நான் பதிவர், நிரல் எழுதத் தெரியாது. ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிற மற்ற மூவரும் டெவலப்பர்கள். இப்போது ஒரு முழு நாள் மாநாடு நடத்தலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. 100 பேர், இன்னும் ஆறு மாதத்தில்.

கேம்ப் என்று சொல்கிற இந்த மாதிரிக் கூட்டங்கள் இரண்டுக்கு இதுவரை போயிருக்கிறேன். முதலாவதில் காலையிலிருந்து மாலை வரை ஏழு அமர்வு கேட்டேன், நோட்டு நிறையக் குறிப்பெடுத்தேன், ஒருவரிடமும் பேசாமல் வீடு திரும்பினேன். அந்தக் குறிப்பில் இருந்ததெல்லாம் பிறகு வீடியோவாகவே வந்துவிட்டது. இரண்டாவதில், பதிவு மேசையில் இருந்த பெண் அட்டையைத் தரும்போதே "எதைப் பத்தி எழுதுறீங்க?" என்று கேட்டார். பழைய கட்டடங்களைப் பற்றி என்றேன். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, வரிசையில் எனக்கு நான்கு பேர் தள்ளி நின்றவரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்து வைத்தார். அவர் பழைய வரைபடங்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறவர். மூன்று வருடமாகிறது. இன்றும் என் பதிவு ஒவ்வொன்றையும் வெளியிடும் முன் அவர் ஒரு முறை படித்துப் பார்க்கிறார். அந்த மாதிரி அறிமுகம் நடக்கிற ஒரு நாளை நாங்களும் நடத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எங்கள் குழுவில் பேச்சு வேறு பக்கம் போகிறது. மூன்று அறையில் ஒரே நேரத்தில் அமர்வுகள், பெரிய பெயருள்ள பேச்சாளர்கள், அனுமதி இலவசம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை; ஏன் என்று எடுத்துச் சொல்ல அனுபவமும் இல்லை. நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை அரங்கு போதும்? கட்டணம் வைக்கலாமா? பதிவர்களையும் டெவலப்பர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் பாதிப் பேருக்குச் சலித்துவிடுமா?

படிக்கட்டு எழுதியது:

நான்கு கேம்ப் நடத்திய குழுவில் இருந்திருக்கிறேன். உங்கள் மனம் சொல்வது சரி. உங்கள் குழுவினரிடம் காட்ட வசதியாகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே அரங்கு போதும். எங்கள் முதல் கேம்பில் மூன்று வைத்தோம். ஒரு அறையில் 70 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதே நேரத்தில் பக்கத்து அறையில், இரண்டு மாதம் தயாரித்து வந்த ஒரு மாணவி 6 பேர் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். அந்த 6 பேரிலும் இருவர் நான் அனுப்பிவைத்த தன்னார்வலர்கள். பேசி முடித்து லேப்டாப்பை மூடியபோது அவர் முகம் இருந்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தவிர, மூன்று அரங்கு என்றால் மைக், ப்ரொஜெக்டர், நேரம் பார்க்க ஆள், பேச்சாளரை அறிமுகப்படுத்த ஆள் எல்லாமே மூன்று மூன்று வேண்டும். நீங்கள் இருப்பதே நான்கு பேர்.

அப்புறம் இடைவேளை. நீங்கள் சொன்ன அறிமுகம் நடப்பதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது. முதல் வருடம் அமர்வுகளுக்கு நடுவே 10 நிமிடம்தான் விட்டிருந்தோம். முதல் பேச்சாளர் 7 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அடுத்தவரின் லேப்டாப் ப்ரொஜெக்டரோடு சேரவில்லை. அதற்கேற்ற அடாப்டர் எங்களிடம் இல்லை. மதியத்துக்குள் இடைவேளை என்பதே இல்லாமல் போனது. அடுத்த வருடம் 30 நிமிடப் பேச்சு, 10 நிமிடக் கேள்வி, 25 நிமிட இடைவேளை என்று மாற்றினோம். நாள் முழுவதற்கும் ஆறு பேச்சுதான் வந்தது. "இவ்வளவு கம்மியா?" என்று குழுவுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். மாலையில் கருத்துப் படிவங்களைப் பிரித்தபோது பேச்சு குறைவு என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. பேசிக்கொண்டிருக்க இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம் என்றுதான் பலர் எழுதியிருந்தார்கள்.

பெரிய பெயர்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் இந்தக் கூட்டங்கள் எப்படித் தொடங்கின என்பதைச் சொல்லிப் பாருங்கள். 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடந்த முதல் பார்கேம்ப் ஒரு வாரத்துக்கும் குறைவான ஏற்பாட்டில் நடந்தது. வந்தவர்களே தங்களுக்குள் அமர்வுகளைப் பிரித்துக்கொண்டு பேசுவதுதான் பார்கேம்பின் முறை. அடுத்த வருடம், 2006 ஆகஸ்டில், வலைத்தளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்காக சான் பிரான்சிஸ்கோவில் முதல் வேர்ட்கேம்பைக் கூட்டினார். பெயரிலேயே பார்கேம்பின் சாயல் தெரியும். நீங்களும் மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரத்தைத் திறந்து விடுங்கள். ஒரு வெள்ளைப் பலகை, ஒட்டுச் சீட்டுகள் போதும். பேச நினைப்பதை எழுதி ஒட்டட்டும். வந்தவர்களே பேசுபொருளை முடிவு செய்யும் ஓப்பன் ஸ்பேஸ் கூட்ட முறையை உருவாக்கிய ஹாரிசன் ஓவன் அதற்கு இரு கால் விதி என்று ஒன்று வைத்தார்: இருக்கும் இடத்தில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு இடம் போகலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலேயே மேடையில் இதை அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மரியாதைக்காக எல்லோரும் உட்கார்ந்தே இருப்பார்கள்.

கட்டணம் வையுங்கள், சிறியதாக. எங்கள் முதல் கேம்ப் இலவசம். 150 பேர் பதிவு செய்தார்கள், 82 பேர் வந்தார்கள். இடமில்லை என்று நாங்கள் 40 பேரைத் திருப்பி அனுப்பியிருந்தோம் என்பதுதான் வேதனை. அடுத்த வருடம் சிறு கட்டணம், மாணவர்களுக்குப் பாதி, கட்ட முடியாதவர்கள் ஒரு வரி எழுதினால் போதும், காரணம் கேட்க மாட்டோம் என்று அறிவித்தோம். 11 பேர் எழுதினார்கள், 11 பேரும் வந்தார்கள். பணம் கட்டியவர்களில் வராதவர்கள் மிகச் சிலர்.

பண விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். புரவலர் தருவதாகச் சொன்ன தொகையை நம்பிச் செலவு செய்யாதீர்கள். எங்களுக்கு ஒரு நிறுவனத்தின் பணம் நிகழ்ச்சி முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. அதுவரை எங்களில் இருவர் கையிலிருந்து போட்டிருந்தோம். கைக்கு வந்த தொகைக்குள் திட்டமிடுங்கள். அரங்கத்தோடு ஒப்பந்தம் போடும்போது, ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், தேதி மாற்றலாமா என்ற இரண்டு வரிகளையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாங்காக்கில் 2020 பிப்ரவரியில் நடக்க இருந்த முதல் வேர்ட்கேம்ப் ஆசியா, நோய்த்தொற்று காரணமாக இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில் ரத்தானது. அது நடந்தது 2023 பிப்ரவரியில்தான். அத்தனை பெரிய நிகழ்ச்சிக்கே அப்படி ஆகிறது.

பதிவர்கள், டெவலப்பர்கள் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். மூன்றாவது கேம்பில் ஒரு மூலையில் நான்கு மேசை போட்டு, உதவி மேசை என்று பலகை வைத்தோம். ஒரு பதிவர் தன் தளம் திறக்கவே நேரமாகிறது என்று வந்தார். பார்த்தால் முகப்பில் இருந்த படம் ஒவ்வொன்றும் 4 எம்பி. டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, படங்களைச் சுருக்கி ஏற்றுவது எப்படி என்று அவர் கையாலேயே செய்ய வைத்தார். பதிலுக்கு அந்தப் பதிவர், டெவலப்பர் வெளியிட்டிருந்த செருகுநிரலின் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல், ப்ளகின்) விளக்கப் பக்கத்தைப் படித்துவிட்டு, இது என்ன செய்யும் என்றே புரியவில்லையே என்று கேட்டு, அங்கேயே முழுவதையும் திருத்தி எழுதிக் கொடுத்தார். மேடையில் நடந்த எதையும்விட அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குப் பெருமை. வேர்ட்கேம்ப்களில், வந்தவர்கள் கூடி வேர்ட்பிரஸுக்காக வேலை செய்து தரும் பங்களிப்பாளர் நாள் என்று ஒன்று நடக்கும். அதிலும் மொழிபெயர்ப்பு, விளக்க ஆவணங்கள் என்று நிரல் தெரியாதவர்கள் செய்யும் வேலை நிறைய உண்டு.

செவிவழி எழுதியது:

படிக்கட்டு சொன்னதோடு சில விஷயங்களைச் சேர்க்கிறேன். நான் பார்வையற்ற டெவலப்பர். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துத்தான் வேலை செய்கிறேன். போன வருடம் ஒரு மாநாட்டுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். படிவத்தின் கடைசியில் படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொன்னது. ஒலி வடிவம் தரவில்லை. வலைத்தளம் கட்டுகிறவர்கள் கூடும் மாநாட்டின் வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். நண்பர் ஒருவர் நிரப்பித் தந்தார். அன்று மாலை வரை மனது சரியில்லை.

உள்ளே போனால், "இங்கே பாருங்க, இந்த வரியை இப்படி மாத்தினா போதும்" என்று பேச்சாளர் சொல்கிறார். எந்த வரி, எப்படி? திரையில் இருப்பதை வாயால் சொல்லுங்கள் என்று எல்லாப் பேச்சாளர்களுக்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் அது உதவும். ஸ்லைடுகளை முந்தின நாளே வாங்கி, கேட்பவர்களுக்கு அனுப்புங்கள். வலைப்பக்கத்தில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும் என்று டபிள்யூசிஏஜி (வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி) சொல்கிறதே, ஸ்லைடுகளுக்கும் அதையே வையுங்கள். கூட்டத்திலிருந்து வரும் கேள்வியைப் பேச்சாளர் மைக்கில் ஒரு முறை திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லட்டும். இல்லாவிட்டால் வீடியோவில் பதில் மட்டும்தான் இருக்கும்.

தன்னார்வலர்களிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். உதவ நினைப்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காமல், "உதவட்டுமா?" என்று முதலில் கேட்டால் போதும்.

மூலைநாற்காலி எழுதியது:

கூச்சம் உள்ளவர்கள் சார்பில் ஒரே ஒரு விஷயம். இடைவேளை நீளமாக இருந்தால் மட்டும் போதாது. எனக்கு 25 நிமிட இடைவேளை என்பது, சுவரோரம் நின்று போனைப் பார்க்கிற 25 நிமிடம். நான்கு பேர் வட்டமாக நின்று பேசினால் உள்ளே போக வழியே தெரியாது. எரிக் ஹோல்ஷர் என்பவர், பாக்மேன் என்ற பழைய வீடியோ கேமின் பெயரில், பாக்மேன் விதி என்று ஒன்றைப் பரப்பினார். வட்டமாக நிற்கும்போது, அந்த விளையாட்டின் வாய் திறந்த உருவம் போல, ஒருவர் நுழையும் அளவுக்கு எப்போதும் ஒரு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். யாராவது அதில் வந்து நின்றால் மறுபடி கொஞ்சம் விலகி அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். நான் போன ஒரு கேம்பில் காலையிலேயே மேடையில் இதைச் செய்து காட்டினார்கள். அன்றுதான் முதன்முதலாக முன்பின் தெரியாத ஐந்து பேரோடு பேசினேன். மாலையில் 5 நிமிடக் குறும்பேச்சுக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்குத் தைரியம் வந்தது.

நடத்தை விதிகளை எழுதி ஒட்டுவதோடு விடாதீர்கள். தொந்தரவு என்றால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரின் முகமும் தொலைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

இழை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த மாணவி 6 பேர் முன் பேசிய இடம் வந்ததும் மூன்று அரங்குப் பேச்சு நின்றுவிட்டது. ஒரே அரங்கு, ஆறு பேச்சு, மதியம் திறந்த ஒரு மணி நேரம், சிறு கட்டணம், உதவி மேசை என்று முடிவாகியிருக்கிறது. எங்கள் பதிவுப் படிவத்தைத் திறந்து பார்த்தோம். அதிலும் அதே படச் சோதனை இருந்தது. நேற்றே எடுத்துவிட்டோம். செவிவழி, படிவம் தயாரானதும் ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியுமா?

இன்னொரு கேள்வி. வருபவர்களில் பெரும்பாலானோர் வேர்ட்பிரஸ்தான் பயன்படுத்துகிறார்கள். வேர்ட்கேம்ப் என்றே பெயர் வைத்துக்கொள்ளலாமா? பதிவு மேசைக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அதற்கும் ஏதாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

செவிவழி எழுதியது:

கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன். இணைப்பை அனுப்புங்கள்.

படிக்கட்டு எழுதியது:

அந்தப் பெயரை நாமாக வைத்துக்கொள்ள முடியாது. அது வேர்ட்பிரஸ் அறக்கட்டளையின் வணிகச் சின்னம். விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். உள்ளூரில் சந்திப்புக் குழு தொடர்ந்து இயங்குகிறதா என்று பார்ப்பார்கள். பேச்சாளர்களுக்குப் பணம் கிடையாது, நுழைவுக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று விதிகளும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் யோசிக்கிறீர்கள். இந்த முறை உங்கள் சொந்தப் பெயரில் நடத்துங்கள், அடுத்த வருடம் விண்ணப்பியுங்கள். ஆறு மாதத்துக்குள் இரண்டு வேலையும் சேர்ந்தால் தாங்காது.

மேசைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் பட்டியலில் பெயரைத் தேடட்டும், ஒருவர் அட்டையை எடுத்துத் தரட்டும். நீங்கள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் வருபவர்களோடு பேச மட்டும் நில்லுங்கள். அட்டையில் பெயரைப் பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் அச்சடியுங்கள். கயிற்றில் தொங்கும் அட்டை எப்போதும் வெற்றுப் பக்கம் தெரியத்தான் திரும்பிக்கொள்ளும். பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டு, பக்கத்தில் பேனா வையுங்கள். எதைப் பற்றி எழுதுகிறார்கள், எதைக் கட்டுகிறார்கள் என்று அவர்களே எழுதிக்கொள்ளட்டும். யாரை யாரிடம் அறிமுகம் செய்யலாம் என்பது உங்களுக்கு அந்த வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.